மேகம் கறுத்தால் மகன் பையைத் தூக்குகிறான்

கேள்வி: நாங்கள் ஏரலில் இருக்கிறோம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் இரண்டு இரவு கிடந்தோம். மகனுக்கு அப்போது ஆறு வயது. இப்போதும் மேகம் கறுத்தால் பையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்துவிடுகிறான். மழை இரவுகளில் படுக்கையை நனைக்கிறான். மற்ற நாட்களில் ஒரு குறையும் இல்லை. 'இனி வெள்ளம் வராது' என்றால் நம்புவதில்லை. ஓர் ஆலோசனை மையத்தில் கைரேகை வைத்து மூளைப் பரிசோதனை, 20 அமர்வுகள், மொத்தம் 35 ஆயிரம் ரூபாய் என்கிறார்கள். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். கைரேகையில் மூளையும் தெரியாது, பயமும் தெரியாது. அதற்கு அறிவியல் ஆதாரம் எதுவும் இல்லை. வண்ண வண்ண அறிக்கை தருவார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் ஏறக்குறைய அதையே தந்திருப்பார்கள். குழந்தையைப் பார்ப்பதற்கு முன்பே எத்தனை அமர்வு என்று கணக்குச் சொல்பவரிடம் எதற்கும் போகாதீர்கள். முதல் நாளே வெள்ளத்தை வரையச் சொல்லி, அழ அழக் கதை கேட்பவர்களும் இருக்கிறார்கள். சுனாமிக்குப் பிறகு அலையை வரைந்து வரைந்து அலுத்துப்போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவனாக வரைந்தால் வரையட்டும்.

'வராது' என்று நீங்கள் சொல்வதை நிறுத்துங்கள். தாமிரபரணிக் கரையில் குடியிருக்கும் பிள்ளைக்கு அந்த வாக்குறுதியை ஆட்சியர்கூடக் கொடுக்க முடியாது. பொய் என்று அவனுக்கே தெரிகிறது.

பதிலாக, சுவரில் 95 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு கோடு போடுங்கள். காயல்பட்டினத்தில் அன்று ஒரே நாளில் பெய்த மழை ஏறக்குறைய அவ்வளவு. அவன் நெஞ்சு வரை வரும். பிறகு 7 சென்டிமீட்டரில் இன்னொரு கோடு. வானிலை மையம் 'கனமழை' என்று சொல்வது அங்கேதான் தொடங்குகிறது; அவன் கணுக்கால் உயரம். ஊர் ஊராக இரண்டாவது கோட்டைப் போலப் பல மடங்கு பெய்து, குளங்கள் உடைந்து, எல்லாம் ஒரே ஆற்றில் சேர்ந்ததால்தான் அந்த வெள்ளம். ஒவ்வொரு மழையும் அந்த மழை இல்லை என்பது அப்போது அவன் கண்ணுக்கே தெரியும். மழை நாளில் பக்கங்கள் நேராக உள்ள டப்பா வைத்து அவனையே அளக்கச் சொல்லுங்கள்.

வீட்டில் யாராவது 'ஆறு கோபித்துக்கொண்டது' என்று சொல்லியிருக்கிறார்களா என்று விசாரியுங்கள். இந்த வயதில் பிள்ளைகள், தாம் செய்த ஏதோ தப்புக்குத்தான் தண்ணீர் வந்தது என்று மனதுக்குள் முடிச்சுப் போட்டு வைத்திருப்பார்கள்.

மழை நாளில் தொலைக்காட்சி வேண்டாம். பழைய வெள்ளத்தை ஓட்டிவிட்டு, மூலையில் சிறிய எழுத்தில் 'கோப்புக் காட்சி' என்று போடுவார்கள். பிள்ளைக்கு அது இன்றைய வெள்ளம். விடுமுறை அறிவிப்பைக் காலை ஏழு மணிக்குச் சொல்லும் வழக்கத்தை யார் மாற்றப்போகிறார்களோ! சீருடை போட்ட பிறகு அதைக் கழற்றச் சொன்னால் பெரியவர்களுக்கே வயிற்றைக் கலக்கும்.

படுக்கை நனைவதற்குத் திட்டாதீர்கள். ஆனால் ஒன்று. மழையில்லாத இரவிலும் நனைத்தால், பகலில் அடிக்கடி சிறுநீர் கழித்தால், எரிச்சல் என்றால், ஓயாமல் தண்ணீர் கேட்டு உடம்பு மெலிந்தால், வெள்ளத்தின் மேல் பழியைப் போடாதீர்கள். சிறுநீரும் சர்க்கரையும் உடனே சோதிக்க வேண்டும். மலச்சிக்கலும் படுக்கையை நனைக்க வைக்கும். சர்க்கரை ஏறிய பிள்ளையைப் 'பயந்திருக்கிறது' என்று திருநீறு போட்டுப் படுக்க வைத்து, மயங்கிய நிலையில் தூக்கி வருகிறார்கள். அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

வெயில் நாளிலும் பயம் தொடர்ந்தால், பள்ளிக்குப் போக மறுத்தால், தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். பிள்ளைகளுக்குத் தனி நேரம் ஒதுக்க வேண்டும் என்று எங்கள் துறைக்கு ஏனோ தோன்றுவதில்லை. 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

அந்தப் பையைப் பிடுங்காதீர்கள். உட்கார்ந்து அவனோடு பிரித்துப் பாருங்கள். டார்ச் இருந்தால் ஐப்பசி பிறக்கும் முன் பேட்டரி மாற்றுங்கள். ரேஷன் அட்டையின் நகலை அவன் கையாலேயே பிளாஸ்டிக் உறையில் போடச் சொல்லுங்கள். பை இருக்க வேண்டிய இடத்தை அவனே முடிவு செய்யட்டும்.