ஏழு மாதம் என்று மூடிய பறக்கும் ரயில் பாதை திறக்க ஏன் பதினான்கு மாதம் ஆனது?

சென்னை கடற்கரை – சிந்தாதிரிப்பேட்டை பகுதியைத்தான் கேட்கிறீர்கள். 2023 ஆகஸ்ட் 27 அன்று நிறுத்தினார்கள். ரயில் மறுபடி ஓடியது 2024 அக்டோபர் 29-இல்தான்.

நான்காவது பாதை போடும் வேலை என்னவோ அவசியமானது. கடற்கரைக்கும் எழும்பூருக்கும் இடையே மூன்று பாதைகள்தான் இருந்தன. புறநகர் மின்ரயிலுக்கு இரண்டு; விரைவு ரயிலும் சரக்கு ரயிலும் போக வர ஒன்றே ஒன்று. நான்காவது பாதை போட அங்கே இடம் இல்லை. பறக்கும் ரயில் என்று பேர்தானே தவிர, அந்தப் பகுதியில் அது தரையிலேதான் ஓடுகிறது. அதனால் அதன் தண்டவாளத்தையும் கோட்டை, பூங்கா நகர் நடைமேடைகளையும் நகர்த்தாமல் புதுப் பாதை நுழையாது. ஒரு பக்கம் கூவம், மறுபக்கம் ரயில் ஓடிக்கொண்டே இருக்கும் பாதைகள். நடுவில் நிலம் கைமாற வேண்டியும் இருந்தது. எல்லாம் முடிந்தாலும், ரயில்வே பாதுகாப்பு ஆணையர் ஆய்வு செய்யாமல் புதுப் பாதையைத் திறக்க முடியாது.

சரி, இதெல்லாம் நியாயம். ஆனால் நிலம் கைக்கு வருமுன் ஏழு மாதம் என்று சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. வேளச்சேரியிலிருந்து தலைமைச் செயலகத்துக்கு வருகிறவர் சிந்தாதிரிப்பேட்டையில் படியிறங்கி, பஸ்ஸுக்கோ ஆட்டோவுக்கோ தனியாகக் காசு கொடுத்தார். அடுத்த தேதியாவது ஒழுங்காகச் சொல்லியிருந்தால் அவர் சீசன் டிக்கெட்டா பஸ் பாஸா என்றாவது முடிவு செய்திருப்பார்.