டன் கணக்கில் தண்ணீர் வாங்காதீர்கள்

மலைவீடு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அன்புள்ள அக்கா, சென்னையில் வேலை முடிந்து ஓய்வு பெற்றதும் கோத்தகிரிக்கே குடிவந்துவிட்டோம். கூடத்தில் கண்ணாடிக் கதவு போட்ட இரும்புக் கணப்பு ஒன்று பொருத்தியிருக்கிறோம். நவம்பரில் ஒரு டன் கற்பூர மர (யூகலிப்டஸ்) விறகு இறக்கினோம். "நல்லா காஞ்ச கட்டைங்க" என்று சொல்லித்தான் இறக்கினார்கள். ஆனால் பற்றவே மாட்டேன் என்கிறது. பற்றினாலும் சூடு வருவதில்லை, வீடெல்லாம் புகை நாற்றம், கண்ணாடி ஒரு மணி நேரத்தில் கறுத்துவிடுகிறது. கணப்பில் கோளாறா, விறகில் கோளாறா? (வாசகி, கோத்தகிரி)

பதில்: விறகில்தான் அம்மா. இன்று ராத்திரி ஒரு கட்டையைத் தீயில் வைத்துவிட்டு அதன் வெட்டுமுனையைப் பாருங்கள். சிறு சிறு குமிழியாக நுரை தள்ளும், 'உஸ்ஸ்' என்று சீறும், முனையிலிருந்து பழுப்பாக நீர் சொட்டும். அது உள்ளே இருக்கும் ஈரம். நீங்கள் கணப்பு எரிக்கவில்லை, தண்ணீர் காய்ச்சுகிறீர்கள்.

வெட்டிய புதிதில் மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான். நம் ஊரில் விறகை எடை போட்டு விற்பதால் இது நேராகக் காசு விஷயமும் ஆகிறது. பச்சை விறகு ஒரு டன் வாங்கினால் அதில் எரியக்கூடியது 500 கிலோ, மீதி தண்ணீர். நன்றாகக் காய்ந்த விறகில் ஈரம் நூற்றுக்கு 20 பங்கோ அதற்குக் குறைவாகவோ இருக்கும், அதாவது ஒரு டன்னில் 800 கிலோ எரியும். காய்ந்ததற்குக் கிலோவுக்கு 8 ரூபாய் கொடுக்கலாம் என்றால் பச்சைக்கு 5 ரூபாய்தான் தகும். ஆனால் இரண்டையும் ஒரே விலைக்கு விற்கிறார்கள், நாமும் கேட்காமல் வாங்கிக்கொள்கிறோம்.

என் அப்பா அரவேணு பக்கம் ஒரு தேயிலை ஆலையில் சூளைக்கு விறகு போட்டவர். லாரி வந்து நின்றதும் இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டுவார். காய்ந்ததாக இருந்தால் 'டங்' என்று மணி மாதிரி கேட்கும். ஈரமாக இருந்தால் 'தொப்' என்று ஈரத் துணியை அடித்த மாதிரி இருக்கும். அதோடு விடமாட்டார். ஒரு கட்டையைக் கோடாலியால் இரண்டாகப் பிளந்து, உள்பக்கத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். சில்லென்று இருந்தால் லாரியைத் திருப்பச் சொல்வார். நீங்கள் செய்ய வேண்டியதும் அதுதான். வெளிப்பட்டையைப் பார்த்து ஏமாறாதீர்கள். வெளியே சாம்பல் பூத்து வெடித்திருக்கும், உள்ளே சொதசொத என்று இருக்கும். இரண்டு ஊசி வைத்த ஈரமானி இப்போது கிடைக்கிறது. வாங்கினால், அப்போதுதான் பிளந்த உள்முகத்தில் குத்திப் பாருங்கள். வெளியே குத்தினால் அதுவும் பொய்தான் சொல்லும்.

சரி, இறக்கிய விறகை என்ன செய்வது? முதலில் எல்லாவற்றையும் முன்கை கனத்துக்குப் பிளந்துவிடுங்கள். உருட்டுக் கட்டையாகவே கிடந்தால் பட்டை ஈரத்தை வெளியே விடாது. அப்புறம், தரையில் படாமல் கல்லோ பழைய சட்டமோ போட்டு அதன் மேல் அடுக்குங்கள். மேலே மட்டும் தகரம் போதும், பக்கங்கள் திறந்திருக்கட்டும். நம் வீடுகளில் பாதிப் பேர் செய்யும் தப்பு, நீலத் தார்ப்பாயால் விறகைக் குழந்தை மாதிரி முழுக்கச் சுற்றிவிடுவது. உள்ளே வியர்த்து, பூஞ்சை பிடித்துவிடும். விறகைக் காயவைப்பதில் வெயிலைவிடக் காற்றுக்குத்தான் பெரிய பங்கு.

இதைவிட முக்கியம், வாங்கும் மாதம். கோத்தகிரியில் பெருமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. நவம்பரில் வரும் விறகு மழையில் நனைந்தே வரும். ஜனவரியில் வாங்குங்கள், அடுத்த குளிருக்கு. பனி விழும் அந்த மாதங்களில் காற்று வறண்டிருக்கும், ஏப்ரல் வரை நல்ல வெயிலும் உண்டு. ஒரு வருடம் ஒரு கட்டைக்கு மட்டும் சாக்பீஸால் குறி போட்டு, மாதம் ஒருமுறை சமையலறைத் தராசில் வைத்து நிறுத்தேன். ஜனவரியில் 2 கிலோ 900 கிராம் இருந்தது, மே கடைசியில் 1 கிலோ 850. அந்த ஒரு கட்டையிலிருந்து மட்டும் ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் போயிருக்கிறது! எடை குறைவது நின்றுவிட்டால் விறகு தயார். ஊட்டி, கூடலூர் பக்கம் இருப்பவர்களுக்கு ஜூனிலேயே மழை பிடித்துவிடும், அதனால் அங்கே அடுக்குக்கு மேல் கூரை இன்னும் அகலமாக வேண்டும்.

கேள்வி: கற்பூரம், சீகை (வாட்டில் மரம்), சில்வர் ஓக் மூன்றும் கிடைக்கிறது. எது நல்லது? (வாசகர், குன்னூர்)

பதில்: என்னைக் கேட்டால் சீகை. சீராகப் பிளக்கும், சீக்கிரம் காயும், நின்று எரியும், தணலும் நன்றாக நிற்கும். வாங்குவதற்கு எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்ட இந்த மரம் நம் புல்வெளிகளை விழுங்கிக்கொண்டிருக்கிறது. முறையான அனுமதியோடு வெட்டிய சீகையை எரிப்பதில் எனக்கு மனக்குறை இல்லை.

கற்பூர மரமும் அங்கிருந்து வந்ததுதான். 1843இல் நீலகிரிக்குக் கொண்டுவந்தார்கள். சோலைகளை, அதாவது மலையின் இயற்கைக் காடுகளை, விறகுக்காக வெட்டித் தீர்த்த பிறகு, ஊட்டிக்கும் வெலிங்டன் ராணுவ முகாமுக்கும் விறகு வேண்டும் என்றுதான் தோப்புத் தோப்பாக நட்டார்கள். காய்ந்தால் அதன் சூட்டுக்கு ஈடில்லை. ஆனால் பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிட வேண்டும். காய்ந்துவிட்டால் முறுக்கிய நார் இரும்பாகிவிடும், ஆப்பு வைத்தாலும் அசையாது. பொறி தெறிக்கும், அதனால் கதவில்லாத கணப்பில் முன்னால் கம்பி வலை கட்டாயம். மரத்தடியில் நீள நீளமாக உரிந்து கிடக்கும் பட்டையைப் பொறுக்கி வையுங்கள், அதைவிட நல்ல பற்றவைப்பு கிடையாது. சில்வர் ஓக் லேசான மரம், சட்டென்று எரிந்து முடிந்துவிடும். தீயை எழுப்புவதற்கு மட்டும் சரி.

சோலை மரத்தை யார் கொண்டுவந்தாலும், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். அது திரும்ப வளர நமக்கு ஆயுள் போதாது. உங்கள் சொந்தத் தோட்டத்து மரமாக இருந்தாலும், 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி வெட்டுவதற்கு அனுமதி வேண்டும். விறகு கொண்டுவருபவரிடம் அந்தச் சீட்டைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

கேள்வி: ராத்திரி முழுக்கத் தணல் இருக்கட்டும் என்று கட்டையைத் திணித்து, காற்று வரும் வழியை அடைத்துவிட்டுப் படுக்கிறோம். காலையில் கதகதப்பாக இருக்கிறது. இது சரியா? (வாசகர், ஊட்டி)

பதில்: வேண்டாம் தம்பி. நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். ஒரு டிசம்பர் ராத்திரி, புகைபோக்கிக்குள் ரயில் போவது மாதிரி இரைச்சல். ஓடி வெளியே போய்ப் பார்த்தால் கூரைக்கு மேல் ஓர் ஆள் உயரத்துக்குத் தீ. காற்று போதாமல் மூச்சுத்திணறி எரியும் விறகு, தன் புகையைத் தாராகப் புகைபோக்கியின் உள்சுவரில் பூசிக்கொண்டே இருக்கும். ஈர விறகென்றால் இன்னும் அதிகம். பல மாதம் சேர்ந்த தார் ஒருநாள் பற்றிக்கொள்ளும். அன்று கணப்பின் கதவு, காற்றுவழி எல்லாவற்றையும் இறுக மூடிவிட்டு, பிள்ளைகளை வெளியே கூட்டிவந்து தீயணைப்புக்கு அழைத்தோம். ஓடு வெடித்ததோடு போயிற்று. அப்படி நேர்ந்தால் நீங்களும் 101க்கு அழையுங்கள், புகைபோக்கிக்குள் தண்ணீர் ஊற்றாதீர்கள். சூட்டில் இருக்கும் கல்லும் குழாயும் பிளந்துவிடும்.

தீயைச் சிறிதாக, ஆனால் சுடர்விட்டு எரியவிடுங்கள். அடியில் இரண்டு கனத்த துண்டு, அதன் மேல் குறுக்காகச் சின்னக் குச்சிகள், உச்சியில் பட்டையும் சிராயும். பற்றவைப்பது உச்சியில்தான், அடியில் இல்லை. தீ மேலிருந்து மெல்ல இறங்கிவரும்போது கீழே எழும் புகை சுடரைத் தாண்டித்தான் போக வேண்டும், அதனால் புகையும் எரிந்துவிடும். படுக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே புதுக் கட்டை போடுவதை நிறுத்திவிடுங்கள். வருடம் ஒருமுறை, குளிருக்கு முன்னால், புகைபோக்கியைத் தூரிகை விட்டுச் சுத்தம் செய்யுங்கள். பிளைவுட், பெயின்ட் அடித்த பலகை, பால் பாக்கெட் எதுவும் உள்ளே போகக் கூடாது.

கேள்வி: எங்கள் தங்கும் விடுதி அறைகளில் கணப்பு இல்லை. குளிருக்கு விருந்தினர்கள் கரித்தணல் சட்டி கேட்கிறார்கள். கொடுக்கலாமா? (விடுதி நடத்துபவர், கொடைக்கானல்)

பதில்: கொடுக்கவே கொடுக்காதீர்கள். வாசலில் கறி சுட்டுவிட்டு, குளிருக்காக அடுப்பை அறைக்குள் எடுத்து வைத்துக் கதவைச் சாத்திப் படுத்தவர்கள் எழுந்திருக்கவே இல்லை என்ற செய்தி நம் மலை ஊர்களிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. புகை அடங்கிவிட்டது, இனிப் பயமில்லை என்று நினைக்கும் நேரத்தில்தான் அது அதிகமாக வரும். தலைவலியும் தூக்கமும் வரும், பயணக் களைப்பு என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள். வாசலில் மூட்டும் அடுப்பை ராத்திரியில் உங்கள் ஆளே எடுத்துப் போய் அணைக்கட்டும், விருந்தினரிடம் விட்டுவைக்காதீர்கள். அறைக்கு வெந்நீர்ப் பையும் கூடுதல் கம்பளியும் கொடுங்கள். புகைபோக்கி வைத்த கணப்பு உள்ள வீடுகளிலும் இந்த வாயு கசிந்தால் ஒலிக்கும் கருவி ஒன்றைக் கணப்பு இருக்கும் அறையில் மாட்டிவையுங்கள். எங்கள் வீட்டில் கூடத்தில் ஒன்று, படுக்கை அறையில் ஒன்று.

கேள்வி: சாம்பலைச் செடிக்குப் போடலாமா? (வாசகி, குன்னூர்)

பதில்: போடலாம், எல்லாச் செடிக்கும் இல்லை. நம் மலை மண் புளிப்பு மண். சாம்பல் புளிப்பைக் குறைப்பதால் முட்டைக்கோஸ், பீன்ஸ், பீட்ரூட் பாத்திகளில் மண்ணைத் தூவுவதுபோல மெல்லியதாகத் தூவுங்கள். தேயிலைக்குப் புளிப்பு மண்தான் வேண்டும், அதற்கு வேண்டாம். உருளைக்கிழங்குக்கும் வேண்டாம், தோலில் சொறி விழும். அள்ளிய சாம்பலை மூடி போட்ட தகர வாளியில், வீட்டுக்கு வெளியே, மூன்று நான்கு நாள் வைத்திருந்து பிறகு தொடுங்கள். மேலே ஆறியிருக்கும், அடியில் தணல் உயிரோடு இருக்கும். கறுத்த கண்ணாடிக்கும் இந்தச் சாம்பல்தான் மருந்து. செய்தித்தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து, ஆறிய சாம்பலில் தொட்டுத் தேயுங்கள்.