கார் பெயின்ட் பட்டறையில் துணி மாஸ்க் போதுமா?

போதாது. ஸ்ப்ரே கன்னில் இருந்து வரும் நுண்துளி துணியைத் தாண்டி நுரையீரலின் அடிவரை போய்விடும்.

தின்னர் வாடைக்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். ஆனால் ஹார்டனர் (இறுகவைக்கும் திரவம்) கலந்து அடிக்கும் டூ-கே பெயின்டில், அந்த ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் என்ற ரசாயனம், ஆபத்தான அளவில் இருந்தாலும் மூக்குக்குத் தெரியாமல் போகலாம். தொழில்வழி ஆஸ்துமாவின் முக்கியக் காரணங்களில் அதுவும் ஒன்று. உடம்புக்கு ஒருமுறை அது ஒவ்வாமல் போனால், பிறகு துளியளவு பட்டாலே மூச்சிரைக்கும். இரவில் இருமி, லீவு நாளில் குறைகிறதா? டாக்டரிடம் பெயின்ட் வேலையையும் சொல்லுங்கள். பெரும்பாலும் அவராகக் கேட்கமாட்டார்.

தெளிப்பதே ஆபத்தைக் கூட்டும். ஸ்பெயினின் அல்கோய் வட்டாரத் துணி அச்சுப் பட்டறைகளில், தடவிப் பூசவேண்டிய சாயக்கலவையை ஸ்ப்ரே செய்தார்கள். அதனால் உண்டாகி 1992இல் வெளிச்சத்துக்கு வந்த நுரையீரல் நோயில் 6 தொழிலாளர்கள் இறந்தார்கள்.

குழாய் வழியே சுத்தக் காற்று வரும் ஏர்-ஃபெட் மாஸ்க்தான் சரி. வடிகட்டி டப்பா பொருத்திய கார்ட்ரிட்ஜ் மாஸ்க் தாடி மேல் சரியாகப் படியாது. அடித்து முடித்த உடனே மாஸ்க்கைத் தூக்கிப் பார்க்கும் பழக்கத்தையும் விடுங்கள். கண்ணுக்குத் தெரியாத மூட்டம் பெயின்ட் அடிக்கும் அறைக்குள் இன்னும் சில நிமிடம் நிற்கும்.