குறுக்கெழுத்து போட்டால் மறதி நோய் வராதா, டாக்டர்?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 74. அம்மா இறந்தபின் கும்பகோணத்தில் தனியாக இருக்கிறார். வெளியே போவதும் நாலு பேரிடம் பேசுவதும் குறைந்துவிட்டது. ஆனால் பேப்பரில் வரும் குறுக்கெழுத்து, சுடோகு எதையும் விடமாட்டார். நான் வாங்கிக் கொடுத்த டேப்லெட்டிலும் மூளைக்கான விளையாட்டுகள் ஆடுகிறார். இது போதுமா?

பதில்: போதாது. அதற்காக நிறுத்தச் சொல்லவில்லை, தாராளமாகப் போடட்டும். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 75 வயதைத் தாண்டிய 469 பேரைப் பல வருடம் கவனித்து 2003-ல் வெளியிட்ட ஆய்வில், வாசிப்பு, பலகை விளையாட்டு, இசைக்கருவி, நடனம் என்று ஏதாவது பழக்கம் வைத்திருந்தவர்களுக்கு டிமென்ஷியா, அதாவது மறதி நோய், குறைவாகத்தான் வந்தது. ஆனால் நோய் உள்ளே தொடங்கிவிட்டவர்கள் அது வெளியே தெரிவதற்கு முன்பே இதையெல்லாம் விட்டிருக்கலாம், அதனால் விளையாட்டுதான் காப்பாற்றியது என்று அடித்துச் சொல்ல முடியாது. இன்னொன்று, அந்தப் பட்டியலில் நடனமும் பலகை விளையாட்டும் எதிரே ஓர் ஆள் இருந்தால்தான் நடக்கும்.

தினமும் சுடோகு போடுபவர் சுடோகுவில் கெட்டிக்காரர் ஆவார், அவ்வளவுதான். பேச்சு அப்படியில்லை. எதிரில் இருப்பவர் அடுத்து என்ன சொல்வார் என்று தெரியாது, கேட்க வேண்டும், முகத்தைப் பார்க்க வேண்டும், பெயரைத் தேட வேண்டும், பதிலை உடனே கோக்க வேண்டும். அமெரிக்காவில் தனிமையில் இருந்த 75 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் அரை மணி நேரம், வாரம் நாலு தடவை வீடியோ காலில் பேசியே ஒரு சோதனை செய்தார்கள். ஆறு மாதத்தில் நினைவுத்திறன் சோதனைகளில் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. பெரிதாக இல்லை, ஆனாலும் வெறும் பேச்சுக்கு அது நல்ல பலன்தான்.

அதனால் நீங்கள் போன் செய்யும்போது "சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்று இரண்டு நிமிடத்தில் வைத்துவிடாதீர்கள். வீட்டுப் பத்திரத்தில் ஒரு வரி புரியவில்லை, படித்துச் சொல்லுங்கப்பா என்று கேளுங்கள். பேரனுக்குக் கணக்குச் சொல்லித்தரச் சொல்லுங்கள். அவர் இல்லாமல் நடக்காத வேலை ஒன்று வேண்டும்.

அப்புறம், முதலில் காதைப் பாருங்கள். டிவி சத்தம் தெருவரை கேட்கிறதா? போனில் சம்பந்தமில்லாமல் "ஆமாம், ஆமாம்" என்கிறாரா? காது மந்தமானவர்கள் திரும்பத் திரும்பக் கேட்க வெட்கப்பட்டே ஒதுங்கிவிடுவார்கள், வீட்டில் நாம் அதை 'வயசாயிடுச்சு' என்று எடுத்துக்கொள்வோம். லான்செட் என்ற மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-ல் டிமென்ஷியாவுக்கு மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சொன்னது. அத்தனையையும் சரிசெய்தால் உலகில் சுமார் 45 சதவீத டிமென்ஷியாவைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணக்கு. காது மந்தம், பார்வைக் குறைவு, மனச்சோர்வு, தனிமை, பிபி, சர்க்கரை, உடல் அசைவின்மை எல்லாம் அதில் உண்டு. கண்ணில் புரை இருந்தால் அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.

மனைவி போன துக்கம் மனச்சோர்வாகி, மறதி மாதிரியே காட்டும். வைட்டமின் பி12 குறைவும் தைராய்டு குறைவும் அப்படித்தான். இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை போதும், மருந்தும் உண்டு. தூக்க மாத்திரையோ, சளிக்கென்று கடையில் வாங்கும் மாத்திரையோ தொடர்ந்து போடுகிறாரா என்றும் பாருங்கள், வயதானவர்களுக்கு அது மூளையை மந்தமாக்கும்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அவரிடம் கேள்வி கேட்டுச் சோதிக்காதீர்கள், கோபம்தான் வரும். மாத்திரை அட்டையை எண்ணுங்கள். கரண்ட் பில் இரண்டு தடவை கட்டியிருக்கிறாரா, ஃப்ரிட்ஜில் பழைய சாம்பார் நாலு கிண்ணம் இருக்கிறதா, பழகிய தெருவில் வழி தடுமாறியதாக அக்கம்பக்கத்தில் சொல்கிறார்களா என்று கவனியுங்கள். இருந்தால் நரம்பியல் அல்லது முதியோர் நல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். புதிதாக ஒதுங்க ஆரம்பித்ததே நோயின் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம்.

ஆனால் ஓரிரு நாளிலேயே குழப்பமாகப் பேசினால், ஆளை மாற்றிச் சொன்னால், அதற்காக அப்பாயின்ட்மென்ட் வாங்கிக் காத்திருக்காதீர்கள். சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, கீழே விழுந்து தலைக்குள் ரத்தம் கட்டுவது, இவற்றில் எதுவாகவும் இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அதைச் செய்ய உங்கள் எண்ணோடு பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.