சரிவான பின்னிருக்கையில் குழந்தையின் கார் சீட்: அடியில் தலையணை வைக்கலாமா?

கேள்வி: எங்கள் மகளுக்கு 14 மாதம் ஆகிறது. பின்நோக்கிப் பொருத்தும் கார் சீட் வாங்கியிருக்கிறோம். எங்கள் காரின் பின்னிருக்கை உட்புறமாகச் சரிந்து, ஓரங்கள் மேடாக இருப்பதால் சீட் ஆடுகிறது. இப்போதைக்கு அடியில் ஒரு சிறு தலையணை வைத்திருக்கிறோம். கார் அலங்காரப் பொருள் கடைக்காரர், ஃபோம் வைத்துச் சமன் செய்து தருவதாகவும், ஒரு வயது முடிந்துவிட்டதால் சீட்டை முன்நோக்கியே வைக்கலாம் என்றும் சொல்கிறார். என்ன செய்வது? (வாசகி, கோவை)

பதில்: தலையணையை இன்றே எடுத்துவிடுங்கள். கடைக்காரர் சொன்ன இரண்டும் வேண்டாம். ஃபோம் கைக்குக் கெட்டியாகத் தெரிந்தாலும், மோதலின்போது கண்ணிமைக்கும் நேரத்தில் நசுங்கிவிடும்; அது நசுங்கிய அளவுக்கு, நீங்கள் இறுக்கிக் கட்டிய பெல்ட் தளர்ந்து, சீட் குழந்தையோடு சேர்ந்து நகரும்.

முதலில் உங்கள் காரில் சீட் கவர் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். நம் ஊரில் புதுக் கார் வீட்டுக்கு வந்த வாரமே, பஞ்சு வைத்துத் தைத்த தடித்த ரெக்சின் கவரை மாட்டிவிடுகிறார்கள். நான் பார்த்த பல கார்களில் மேடுபள்ளத்துக்குக் காரணம் அந்தக் கவர்தான். குழந்தை சீட்டைப் பெல்ட் இல்லாமலே மாட்டுவதற்காகக் காரின் உடலோடு பொருத்திய ஐசோஃபிக்ஸ் கொக்கிகளையும் அது மூடி மறைத்துவிடுகிறது. குழந்தை உட்காரும் பக்கத்திலாவது அதைக் கழற்றிவிடுங்கள். இதே கடைகளில் ஐசோஃபிக்ஸ் இல்லாத கார்களுக்குத் தனியாகக் கொக்கி பூட்டித் தருவதாகவும் சொல்வார்கள். கார் தயாரிப்பாளர் சோதித்துப் பொருத்தாத கொக்கி எந்த விசையைத் தாங்கும் என்று விற்பவருக்கே தெரியாது. பெல்ட் எச்சரிக்கை மணியை ஏமாற்றும் கிளிப்புகளை இணையத்தில் விற்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023ஆம் ஆண்டு உத்தரவிட்ட பிறகுதான் பலருக்கு அவற்றின் ஆபத்தே தெரிந்தது. ஆனால் ஃபோம் வைத்து விற்பவரைக் கேட்பதற்கு இன்னும் ஆளில்லை.

கவரை எடுத்த பிறகும் சரிவு இருந்தால், காரைச் சமதளத்தில் நிறுத்திவிட்டுச் சீட்டின் பக்கவாட்டில் உள்ள, தரைக்கு இணையாக நிற்க வேண்டிய சாய்வுக் கோட்டைப் பாருங்கள். வீட்டு வாசல் சாய்தளத்தில் நிறுத்திப் பார்த்தால் கணக்கு தவறிவிடும். பின்னிருக்கை உட்புறம் பள்ளமாக இருந்தால், பின்நோக்கி வைத்த சீட் தேவைக்கு மேல் நிமிர்ந்து நிற்கும். தலை நிற்காத கைக்குழந்தைக்கு இது ஆபத்து. தலை முன்னே கவிழ்ந்து மூச்சுக்குழல் மடங்கலாம். உங்கள் மகளுக்குத் தலை நன்றாக நின்றுவிட்டதால், சீட்டின் கையேடு அனுமதிக்கும் எல்லைக்குள் சற்று நிமிர்ந்திருந்தாலும் கவலைப்பட வேண்டாம்.

அந்த எல்லைக்குள் வரவில்லை என்றால் ஒரே ஒரு விலக்கு உண்டு. அதைப் பலரும் பாதி மட்டும் கேட்டுவிட்டுத் தவறாகச் செய்வதால் முழுமையாகச் சொல்கிறேன். சில தயாரிப்பாளர்கள், பின்நோக்கி வைக்கும் சீட்டுக்கு மட்டும், இறுக்கமாகச் சுருட்டி நாடாவால் கட்டிய துண்டு ஒன்றை, காரிருக்கையின் அடிப்பகுதியும் முதுகுப்பகுதியும் சேரும் மடிப்பில் வைக்க அனுமதிக்கிறார்கள். உங்கள் கையேட்டில் அது எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதவில்லை என்றால் அனுமதி இல்லை என்றே பொருள். துண்டு சீட்டின் அடிப்பரப்பு முழுவதும் பரவக் கூடாது, இடம் வலமாகச் சாய்வதைச் சரிசெய்யவும் அதைப் பயன்படுத்தக் கூடாது. முன்நோக்கிய சீட்டுக்கு அடியில் எதுவும் வைக்காதீர்கள். துண்டு நாளடைவில் அமுங்கும் என்பதால், ஒரு வாரம் கழித்துச் சாய்வையும் இறுக்கத்தையும் மறுபடி பாருங்கள்.

இடம் வலமாகச் சாய்ந்தால் எதிர்ப்பக்க ஓர இருக்கையில் வைத்துப் பாருங்கள். மேடான நடு இருக்கை வேண்டாம். காற்றுப்பை உள்ள முன்னிருக்கையில் பின்நோக்கிய சீட்டை ஒருபோதும் வைக்கக் கூடாது. பெல்ட்டைப் பின்நோக்கிய நிலைக்கு உரிய, பெரும்பாலும் நீல நிறத்தில் குறித்த வழியில் செலுத்தி, சீட்டைக் கையால் நன்றாக அழுத்திக்கொண்டு பெல்ட்டை இழுத்து இறுக்குங்கள். நம் கார்களின் பெல்ட் பெரும்பாலும் திடீரென இழுபடும்போது மட்டுமே பூட்டிக்கொள்ளும் வகை. ஆகவே சீட்டில் பெல்ட்டைப் பிடிக்கும் பூட்டு இருந்தால் அதைக் கட்டாயம் மூடுங்கள். பிறகு பெல்ட் செல்லும் இடத்தில் சீட்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். எந்தப் பக்கமும் 2.5 சென்டிமீட்டருக்கு மேல் நகரக் கூடாது. குழந்தையின் தலைப்பக்கம் சற்று ஆடுவது இயல்பு.

முன்நோக்கி வைக்கலாம் என்ற பேச்சை நம்ப வேண்டாம். குழந்தை கார் சீட்டுகளுக்கான ஐக்கிய நாடுகளின் ஆர்129 விதிப்படி, 15 மாதம் தாண்டும் வரை பின்நோக்கித்தான் வைக்க வேண்டும். அதன் பிறகும் சீட்டில் குறித்த உயரம், எடை எல்லை வரை அப்படியே தொடர்வதுதான் நல்லது. அந்த வயதில் தலை கனம், கழுத்து இளசு.

2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இன்றி அழைத்துச் செல்பவருக்கு 1,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. ஆனால் சீட் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்த ஓர் அதிகாரியை நான் இதுவரை கண்டதில்லை. அபராதம் எழுதத் தெரிந்த அமைப்பு, பெற்றோருக்குப் பொருத்தக் காட்டித்தர ஓர் ஆளை நியமிக்காததால்தான் அந்த வேலை கடைக்காரர் கையில் விழுகிறது.

இவ்வளவும் செய்த பிறகும் ஆட்டம் அடங்கவில்லை என்றால், அந்தச் சீட் உங்கள் காருக்குப் பொருந்தாது. வாங்கிய கடையில் மாற்றிக் கேளுங்கள். அடுத்ததை வாங்குமுன் உங்கள் காரிலேயே பொருத்திப் பாருங்கள். அதற்குச் சம்மதிக்காத கடையில் வாங்காதீர்கள்.