மொட்டை மாடியில் ஆன்டெனா, நடுவில் கேபிள்

கேள்வி: பெங்களூரில் மூன்றாம் ஆண்டு எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறேன். சிறு செயற்கைக்கோள்களுடன் பேச ஒரு தரைநிலையம் கட்டச் சொல்லியிருக்கிறார் துறைத்தலைவர். பெரிய டிஷ் வாங்க வேண்டும் என்கிறார்கள் நண்பர்கள். இருக்கிற கொஞ்சம் பணத்தை எதில் போடுவது?
— ஒரு மாணவி, ஜாலஹள்ளி

பதில்: டிஷ்ஷை மறந்துவிடுங்கள் அம்மா. பெங்களூருக்கு வெளியே பியாலாலுவில் இஸ்ரோ வைத்திருக்கும் 32 மீட்டர் டிஷ் நிலவு, செவ்வாய்ப் பயணங்களுக்கானது. மாணவர்கள் செய்யும் சின்னச் செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் 145 மெகாஹெர்ட்ஸ் பக்கமோ, 435 முதல் 438க்குள்ளோதான் பேசும். அதற்கு யாகி ஆன்டெனா போதும். அந்தக் காலத்து தூர்தர்ஷன் ஆன்டெனாவுக்கு அது அண்ணன். கோள் உருண்டுகொண்டே வரும் என்பதால் இரண்டு யாகிகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைப்பார்கள். 2010 ஜூலையில் பறந்த ஸ்டுட்சாட் என்ற மாணவர் செயற்கைக்கோள் ஒரு கிலோகூட இல்லை. பெங்களூரு, ஐதராபாத்தைச் சேர்ந்த ஏழு கல்லூரிகளின் பிள்ளைகள் செய்தது. அதன் தரைநிலையம் உங்களுக்குப் பக்கத்தில் எலகங்காவில்தான், ஒரு கல்லூரிக்குள் இருந்தது.

இனி பணத்துக்கு வருகிறேன். நான் இங்கே ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நாங்கள் கட்டியபோது ரேடியோவுக்கும், ஆன்டெனாவைத் திருப்பும் ரொட்டேட்டருக்கும் தாராளமாகச் செலவழித்தோம். மாடி ஆன்டெனாவிலிருந்து கீழே ரேடியோவுக்கு வரும் கேபிளை மட்டும் எஸ்.பி. ரோட்டில் மலிவாக, மெல்லிசான ஆர்.ஜி.58 ஆக, 20 மீட்டர் வாங்கி வந்தோம். நாலு நாள் ஒரு சத்தமும் இல்லை. கோள் செத்துவிட்டது என்று ஒருவர், சாஃப்ட்வேர் சரியில்லை என்று இன்னொருவர். ஐந்தாம் நாள் ஒரு பையன் லேப்டாப்பையும் கையில் பிடிக்கிற சின்ன யாகியையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனான். அங்கே கோள் அனுப்பும் மோர்ஸ் கீச்கீச்சென்று கேட்கிறது! வந்த சிக்னலில் முக்கால் பங்குக்கு மேல் அந்த 20 மீட்டரே விழுங்கியிருக்கிறது. 437 மெகாஹெர்ட்ஸில் அந்த கேபிள் அப்படித்தான். ரேடியோ பக்கத்தில் ப்ரீஆம்ப், அதாவது சிக்னலைப் பெருக்கும் சின்னப் பெட்டி, வைத்தும் பார்த்தோம், பலனில்லை. இரைச்சலும் சேர்ந்துதானே பெருகும்? கம்பத்து உச்சியில், ஆன்டெனாவை ஒட்டி வைத்த பிறகுதான் வழிக்கு வந்தது.

ஆகவே ப்ரீஆம்ப், தடித்த கேபிள், தண்ணீர் புகாத கனெக்டர்: முதல் பணம் இவற்றுக்கு. ரேடியோவுக்கு இப்போதைக்கு கணினியில் செருகிக் கேட்கிற யு.எஸ்.பி. டாங்கிளே போதும்.

ஒரு கோள் தலைக்கு மேல் போவது 10, 12 நிமிடம்தான். அதற்குள் டாப்ளரால், அதாவது கோள் நெருங்கி வந்து விலகிப் போவதால், 437 மெகாஹெர்ட்ஸில் அதிர்வெண் கிட்டத்தட்ட 10 கிலோஹெர்ட்ஸ் மேலே தொடங்கி, அதே அளவு கீழே போய் முடியும். ஜிப்ரெடிக்ட் என்ற இலவச மென்பொருள் அதைக் கணக்கிட்டுத் தரும். ஆனால் சுற்றுப்பாதை விவரம் புதிதாக இருக்க வேண்டும், கணினிக் கடிகாரமும் சரியாக இருக்க வேண்டும். எங்களுடையது இரண்டு நிமிடம் பின்தங்கியிருந்த கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள், விடுங்கள்.

முதலில் கேட்க மட்டும் செய்யுங்கள். சிக்னல் அனுப்புவதற்கு உரிமம் வேண்டும். உங்களில் இரண்டு பேராவது ஹாம் (அமெச்சூர் வானொலி) தேர்வுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள்.

அப்புறம், ஏப்ரல் மாங்காய் மழைக்கு முன் கம்பத்துக்கு எர்த் போட்டுவிடுங்கள். எங்கள் முதல் ப்ரீஆம்ப் இடியில்தான் போனது. இரண்டாவதை என் சம்பளத்தில் வாங்கினேன்.