செல்லுக்குள் இருக்கும் 'எலும்புக்கூடு' நம் எலும்பு மாதிரி நிலையானதா?

இல்லை, பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். செல்லின் சட்டகம் மூன்று வகைப் புரத இழைகளால் ஆனது. சுமார் 7 நானோமீட்டர் தடிமனில் ஆக்டின், 10-ல் இடைநிலை இழைகள் (முடியிலும் நகத்திலும் இருக்கும் கெராட்டின் இந்த வகைதான்), 25-ல் நுண்குழல்கள். இடைநிலை இழை மட்டும்தான் கயிறு மாதிரி ஓரளவு நிலைத்து நின்று தாங்கும். மற்ற இரண்டும் கட்டக் கட்டப் பிரித்துக்கொண்டே இருக்கிற சாரம் என்றுதான் சொல்ல வேண்டும்.

நுண்குழலைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். டியூபுலின் என்ற புரதம் செங்கல் அடுக்குவது போல முனையில் சேர்ந்துகொண்டே போகும், பெரும்பாலும் 13 வரிசை சேர்ந்தால் ஒரு குழல். முனையில் குவானோசின் டிரைபாஸ்பேட் (ஆற்றல் தேக்கிய ஒரு சிறு மூலக்கூறு) சிதையாமல் ஒட்டியிருக்கும் டியூபுலின் மூடி போல இருக்கும்வரை குழல் வளரும். மூடி போச்சு என்றால், வாழைப்பழத் தோல் உரிகிற மாதிரி வரிசைகள் வெளிப்பக்கம் சுருண்டு மளமளவென்று சரியும். செல் பிரியும்போது குரோமோசோம்களை இரண்டு பக்கமும் இழுத்துப் போவதற்கு இந்தச் சரிவு அவசியம்.

அப்புறம், செங்காந்தள் கிழங்கு விஷம் என்பார்களே, அதிலுள்ள கோல்கிசின் டியூபுலினைப் பிடித்துக்கொண்டு குழல் கட்டவே விடாது, செல் பிரிவது பாதியில் நின்றுவிடும். அதே கோல்கிசினைத்தான் மிகக் குறைந்த அளவில் கவுட் மூட்டுவலிக்கு மாத்திரையாகக் கொடுக்கிறார்கள்.